மீற்றர்

வெள்ளிக்கிழமை. பம்பலப்பிட்டியில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி.
செருப்போடு வரலாம் என்றார் டெஸ்மண்ட்.
நான் கழற்றிவிட்டேன்.
கைப்பைக்குள் பதினைந்தாயிரம்,
வருடக் கடைசியில் கம்பனி தந்த போனஸின் வால்.

இரண்டு மேசைப் பக்கம்.
"எதில இருக்கப் போறீங்கள்?"

இடப்புறம் காஷ் கேம்.
அங்கே நூறு ரூபாய்ச் சிப் நூறு ரூபாய்தான்.
வெள்ளை வில்லை ஓர் இறாத்தல் பாண்,
பச்சை வில்லை வீட்டுத் தண்ணீர்ப் பில்.
பிளைண்ட் ஏறாது. யாரும் மணி பார்ப்பதில்லை.
முடிந்துபோனால் பர்ஸைத் திறந்து மறுபடி வாங்கலாம்.
விரும்பிய நேரம் எழும்பிப் போகலாம்.

வலப்புறம் டோர்னமென்ட்.
ஐயாயிரம் கட்டினால் இருபதாயிரம் தருவார்கள்,
அரை இறாத்தல் பாணும் வாங்க முடியாத இருபதாயிரம்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் ஏறி
சும்மா இருப்பவரையும் தின்னும்.
முடிந்தால் முடிந்ததுதான்.
இருபத்தேழு பேர், பரிசு மூன்று பேருக்கு.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனிக்குக்
கணக்கெழுதுகிறவள் நான்.
இழப்புக்கு எல்லை போட்ட பக்கம் எதுவென்று
பார்த்தவுடன் தெரியும்.
ஆனால் அதற்காகத் தெரிவு செய்யவில்லை.

காஷ் மேசையில் ரிஸ்மி.
"இந்தக் கை முடிய எழும்புறேன்" என்று
நான் தேநீரை ஊதத் தொடங்கியபோது சொன்னான்.
கோப்பையின் அடியில் சீனி தெரிந்தபோதும் சொன்னான்.
குப்புறக் கிடந்த அவனது போன்
நண்டு மாதிரி அதிர்ந்து அதிர்ந்து
மேசை விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.
கதவு திறந்துதான் இருந்தது.
திறந்த கதவு எவரையும் வழியனுப்புவதில்லை.

பிழையென்று தெரிந்த ஒருவனோடு
இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதமென்று
நாலு வருடம் இருந்தவள் நான்.
கழுத்தைப் பிடித்து
வெளியே தள்ளுகிற ஆட்டந்தான் எனக்குச் சரி.
"டோர்னமென்ட்" என்றேன்.
பத்து மணிக்குள் தோற்று
நூறாம் நம்பர் பஸ்ஸில் வீடு. திட்டம் அவ்வளவுதான்.

தோற்கவில்லை.

சஞ்சீவனி சீட்டுப் போடப் போட
ஒரு மணித்தியாலம் மடித்துக்கொண்டே இருந்தேன்.
என் பயத்தை அவர்கள் பொறுமையென்று வாசித்தார்கள்.
கலாவரை ஏழும் எட்டும் வைத்துக்கொண்டு
எல்லாவற்றையும் தள்ளினேன், கை நடுங்கி.
நடுக்கத்துக்கு மரியாதை செய்து
மூன்று பேர் ஒதுங்கினார்கள்.
யன்னலுக்குக் கீழே கடைசி ரயில்
கிளாஸ்களைக் கிணுகிணுக்க வைத்துப் போனது.
பன்னிரண்டரைக்குப் பதினொரு பேர். கொட்டாவி விட்டேன், வென்றேன்.
இரண்டு மணிக்கு இடப்புறம் பார்த்தால்
ரிஸ்மியின் கதிரை காலி.
எப்போது போனான்?
எப்படிப் போனான்?

எழும்ப முடியாத மேசையில் இப்போது நான்தான்.
நல்ல கை வந்தபோதெல்லாம்
ஐயோ என்றது மனம்.

கடைசியில் என்னிடம் இரண்டு ஆசு,
தாடிக்காரரிடம் இரண்டு ஒன்பது,
ஐந்தாவது சீட்டாக இன்னுமொரு ஒன்பது.
நாலாவது இடம்.
டெஸ்மண்ட் கை குலுக்கினார், நிஜமான கவலையோடு.
ஐயாயிரம் ரூபாய், ஆறு மணித்தியாலம்,
மணிக்கு எண்ணூற்றுச் சொச்சம்.
படியிறங்கும்போதே பெருக்கிப் பிரித்துவிட்டேன்.
செருப்பை மறந்து திரும்பவும் ஏறினேன்.

காலி வீதியில் ஓட்டோ.
மீற்றர் சிவப்பு இலக்கத்தில் ஓடத் தொடங்கியது.
நூறு மீற்றருக்கு இவ்வளவு, அடுத்த நூறுக்கும் அவ்வளவே.
விலை ஏறவில்லை, பரிசும் இல்லை,
எந்த இடத்திலும்
போதும் என்று சொல்லலாம்.

வெள்ளவத்தை மார்க்கெட்டடியில்,
வீட்டுக்கு இன்னும் நானூறு மீற்றர் இருக்க,
தேவையே இல்லாமல்
சொல்லிப் பார்த்தேன்.

ஓட்டோ நின்றது.