இன்னும் ஒரே ஊர்

சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து
மூலைக்கு ஓர் உப்புக்குப்பி வைத்தேன்.
பாயியா பிளாங்காவிலிருந்து
தெற்கே நிலம் முடிகிற இடம்வரை
நான்கு இரவு, நான்கு பென்சில் பெருக்கல் குறி.
எவுலோஹியோ தலையாட்டினான்.
கல்யாணத்தன்றும் இப்படித்தான் ஆட்டினான்.

முதல் குறி ட்ரெலியூ.
ஆறு மணிக்கே வந்துவிட்டோம்.
வெளிச்சம் மிச்சமிருக்கிறதே என்றான்,
இன்னும் ஒரே ஊர்.

அந்த ஒரே ஊர்
முந்நூற்றெழுபது கிலோமீட்டர் தள்ளி இருந்தது.
வழியில் மரம்கூட இல்லை.
காற்று மட்டும் ரெனோவைத்
தோளால் இடித்துக்கொண்டே கூட வந்தது.

ஒன்பதரைக்கு மேல் இருட்டு.
ஒட்டகத்தின் ஒல்லித் தங்கைபோல் ஒரு குவனாக்கோ
நடுச்சாலையில் நின்று
எங்கள் விளக்கைக் கண்ணில் வாங்கி
யோசித்து
விலகிப் போனது.
அது போன பிறகுதான்
அவன் பிரேக்கை மிதித்தான்.

அப்போதும் நான் பேசவில்லை.
கொஞ்ச தூரம் கழித்து,
நான் கேட்காத கேள்விக்கு
"ஆமாம்" என்றான்.
நிறுத்து என்றேன்.

பெட்ரோல் பங்க் ஓரம், இரண்டு லாரிகளுக்கு இடையில்
இருக்கையைச் சாய்த்துக்கொண்டோம்.
பின்னால் ஐலின்
ஒற்றைச் செருப்பைக் கட்டிப்பிடித்துத் தூங்கினாள்.
மாத்தேவுக்கு வெந்நீர் தரும் இயந்திரம்
என் காசை விழுங்கி, இருமி, அரைக்குடுவை தந்தது.
ராத்திரி முழுக்கக் காற்று
கதவைத் தட்டி இடம் கேட்டது.

காலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால்
கடல். ஹோட்டல் பலகைகள்.
பதினோரே நிமிடம்.

அவன் என்னைப் பார்த்தான்.
நான் முதல் குறியை ரப்பரால் அழித்து
பேர் எதுவும் அச்சாகாத வெள்ளையில்
இன்னொன்று போட்டுக்கொண்டிருந்தேன்.