கொதிகலன் அறை

கட்டில் நூற்று எண்பத்தாறு.
விண்ணப்பம் முந்நூற்றுப் பதினொன்று.
இந்தக் கழித்தல் கணக்கைப் போடத்தான்
எனக்குத் துணைக்காப்பாளர் என்று பெயர்,
படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை.

ஜூனில் அப்பாக்கள் வருவார்கள்.
"ஒரு மூலை போதும் மேடம்,
பாய் போட்டுப் படுத்துக்குவா."
எண்ணிப் பார்த்தேன்.
மூலைகளும் முடிந்துவிட்டன.

வெளியே அறை பிடித்தவர்கள் சித்திரையில் திரும்புவார்கள்.
சீசன் தொடங்கிவிட்டால்
நாயுடுபுரத்து வீட்டுக்காரருக்கு
அவர்களுடைய ஒரு மாதம்
சுற்றுலாக்காரரின் ஓர் இரவு.
பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையில்
பக்கெட்டும் புத்தகமுமாக கேட்டில் நின்றார்கள் மூவர்.
டைனிங் ஹாலில் படுக்கவைத்தேன்.
விளக்கம் கேட்டார்கள்.
"கேட்டுக்கு வெளியே காட்டுமாடு நின்றது"
என்று எழுதிக் கொடுத்தேன்.
பொய்யில்லை. அது தினமும் நிற்கிறது.

கார்த்திகையில் வேறு வழக்கு.
இந்த மலையில் துணி காய்வதில்லை.
ஐந்தாம் நாளும் சுடிதார்
பிழிந்த அன்று போலவே கொடியில் தொங்கும்.
மேகம் ஜன்னல் வழியே வந்து
தலையணைக்குள் படுத்துக்கொள்ளும்.
உப்பளத்து ஊரிலிருந்து வந்த இசக்கியம்மாள்
ஈரப் பாவாடையை இடுப்பிலேயே காயவைத்தபடி
புள்ளியியல் வகுப்புக்குப் போனாள்.
நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரி. ஊருக்கு போன்.
"வெயில்லயே வளந்த புள்ள" என்றது மறுமுனை.
குற்றமாகச் சொல்லவில்லை.
அதுதான் தாங்கவில்லை.

பின்கட்டில் கொதிகலன் அறை.
நாலு மணிக்கு வேலப்பன் சீகைக்கட்டை போட்டு மூட்டுவார்.
சுடுநீர் ஆளுக்கு ஒரு பக்கெட், ஏழரை வரைக்கும்;
டோக்கன் அச்சடித்தவள் நானேதான்.
ராத்திரிவரை அந்தச் சுவர் சூடாக இருக்கும் என்பது
ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.
பூனைக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே ஒரு கொடி கட்டினேன்.
அறைவாரியாக முறை, பேர் எழுதிய கிளிப்.
மூன்றாம் நாள், துணியெடுக்கப் போன சபுரா திரும்பவில்லை.
தேடிப் போனால்
கவிழ்த்த பக்கெட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.
தலைக்கு மேல் முப்பது சுடிதார்கள் ஆவி விடுகின்றன.
"இங்கதான் மேடம் விரல் மடங்குது."

அடுத்த வாரம் பதினாறு பேர்.
அதற்கடுத்து இடத்துக்குச் சண்டை.
மெஸ்ஸில் ஊர் பார்த்து, ஆள் பார்த்து
மேசை பிரிந்து உட்கார்கிறவர்கள்
சுவருக்கு முதுகு கொடுக்க
தோளோடு தோள் நெருக்கினார்கள்.
ஒற்றுமை என்று சொல்ல மாட்டேன்.
குளிர்.

ஆய்வுக் குழு வந்தது.
"கொதிகலன் அறையில் நாற்காலி ஏன்?"
விதி எண் பதினேழு.
அதை விடுங்கள்;
வால்வைக் கடைசியாகச் சோதித்தது எப்போது
என்று கேட்டார் ஒருவர், மெதுவாக.
வேலப்பன் தரையைப் பார்த்தார்.
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.
நாலு வருடம்.
அன்றிரவு நான் தூங்கவில்லை.
விடிவதற்குள் எழுந்துபோய்ப் பூட்டினேன்.
என்னோடு ஒரு வாரம் யாரும் பேசவில்லை.

முத்துப்பேச்சிதான் வந்தாள்.
"சுவத்துக்கு ரெண்டு பக்கம் உண்டுல்ல மேடம்?"

மறுபக்கம் ஸ்டோர் ரூம்.
சாவி கிடைக்க ஒரு நாள்,
துரு உதிர்க்க ஒரு நாள்.
உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக
உடைந்த கட்டில்கள் பன்னிரண்டு,
செத்த எலி ஒன்று,
கீல் கழன்ற ஜன்னல்.
அப்பா பட்டறை வைத்திருக்கிறவள் முத்துப்பேச்சி;
அதில் ஐந்தை மறுபடி நிற்கவைத்தாள்.
வால்வும் மாற்றியாயிற்று,
பில் இன்னும் என் மேசையில்.
அறைக்கு என்ன பெயர் என்று கோப்பு கேட்டது.
'துணி காயும் அறை' என்று எழுதினேன்.
படிப்பறை என்றால் மூன்று கையெழுத்து வேண்டும்.

கட்டில் இப்போது நூற்றுத் தொண்ணூற்றொன்று.
விண்ணப்பம் முந்நூற்று நாற்பத்தெட்டு.
நாளைக்கு அப்பாக்கள் வருவார்கள்.
சாவிக்கொத்தோடு விடுதி முழுக்க
ஒவ்வொரு சுவராகத் தட்டிக்கொண்டு போகிறேன்.
குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று
சமையல்கட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார் வேலப்பன்.