என்ன செய்யுது?

மூணாவது மாடி. ஃபேனை நிறுத்திவிட்டார்கள்,
ஓடினால் நெஞ்சுச் சத்தம் கேக்காதாம்.
செக்கானூரணியில் அஞ்சே முக்கால் பஸ் ஏறும்வரை
நான் ஒச்சம்மா.
இங்கே, காகிதத்தில் எழுதியிருக்கிறபடி,
வசந்தா, வயது அம்பத்திரண்டு,
மூணு நாளாய் நெஞ்சுவலி,
எட்டு வருசமாய்ச் சர்க்கரை,
காலையில் இட்லி ரெண்டு.
நோயாளியாக நடிக்க முந்நூத்தம்பது கூலி.
டீ உண்டு.

மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டுகள்
ரோல் நம்பர்படி வந்து உட்காரும்.
"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"
"நெஞ்சு வலிக்குது."
"எப்படி வலிக்குது?"
அதுக்குக் காகிதத்தில் ஒரே சொல்தான்: அழுத்துது.

எனக்கா சொல் இல்லை?
கடுக்கும், உளையும், குடையும்,
காந்தும், சுருக்குன்னு தைக்கும்,
விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.
கிணத்துமேட்டிலிருந்து அவரைத் தூக்கி வந்த அன்னைக்கு
எனக்கு ஒண்ணுமே செய்யல,
அது என்ன வலின்னு இன்னும் தெரியல.
இருக்கட்டும்.
அழுத்துதுன்னு சொன்னால்தான் பிள்ளைக்கு மார்க்.
சொன்னேன், முப்பத்தோரு தடவை.

அடுத்து வந்தவள் சட்டையில் பேர் இங்கிலீசில் இருந்தது.
பின்வரிசை கூப்பிட்டுச் சிரித்தபோதுதான் தெரிந்தது, நசீமா.
கை நடுங்கியது. கேள்வியெல்லாம் மறந்துவிட்டது போல.
பேரைக் கேக்கல, வயசைக் கேக்கல.
ஒரு நிமிசம் சும்மா என் முகத்தையே பார்த்திருந்துவிட்டு
"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இல்லத்தா."

வாய் தவறி விழுந்துவிட்டது.
வசந்தா சாப்பிட்டிருந்தாள்.
நான்தான் சாப்பிடல.

வெறும் வயிறு என்று எழுதிக்கொண்டாள்.
அப்புறம் எல்லாம் அந்த வழியிலேயே போனது.
மாத்திரை மட்டும் போட்டீங்களா,
கிறுகிறுன்னு வருதா, வேர்க்குதா?
வேர்த்துத்தான் இருந்தது.

சாந்தலிங்கம் சார் சிவப்பு மையில் கோடு போட்டார்.
"பேஷன்ட் சாப்பிட்டாச்சு. தகவலே தப்பு.
ரெண்டு மார்க் போச்சு."
எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாம்.
அதுக்குள் முப்பத்திமூணு வந்து உட்கார்ந்து,
"சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?"

டீ நேரத்தில் அவளைப் படிக்கட்டில் பார்த்தேன்.
பேர், வயசு, ஊர், வலி எங்க, எப்ப இருந்து,
விரல் மடக்கி மடக்கி
மனப்பாடம் பண்ணிக்கொண்டே
என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.
கேட்ட வரைக்கும்
அந்த வரிசையில் சாப்பாடு இல்லை.

சாயங்காலம் பெரியார் பஸ் ஸ்டாண்டில்
இட்லி ரெண்டு சாப்பிட்டேன்,
காகிதத்தில் இருந்த மாதிரியே.