கணுக்காலில் குதிரை

அர்வைஹேர் ஆஸ்பத்திரி.
வெளியே மைனஸ் முப்பது.
மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த ஞாம்சுரேன்
பூட்ஸைக் கழற்ற விடவில்லை. பிறகு விட்டாள்.

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் செருகினேன்.
கணைக்கால் எலும்புக்கும் குதிகாலுக்கும் நடுவே
ஒரு சின்ன எலும்பு, அதில் மயிரிழை விரிசல்.
"இதை எந்தத் தசையும் பிடித்திருக்கவில்லை.
சுற்றிலும் நார், இடையில் வழுவழுப்பு.
நழுவிப் போகாமல்
நழுவிக்கொண்டே இருக்கும்.
அதைத்தான் நடை என்கிறோம்."

அவள் கேட்டதாகத் தெரியவில்லை.
அங்கி மடிப்பிலிருந்து
செம்மறியின் கணுவெலும்பு ஒன்றை எடுத்து
படத்தருகே பிடித்தாள்.
புத்தாண்டு இரவுகளில் உருட்டி உருட்டி
மெழுகுபோல் மழுங்கியது.
நாலு முகம்: செம்மறி, வெள்ளாடு, ஒட்டகம், குதிரை.

"எனக்கு என்ன விழுந்திருக்கிறது?"

விரிசலைத்தான் தேடியிருந்தேன்,
முகத்தைப் பார்க்கவில்லை.
மனித எலும்பில் அந்த முகங்கள் கிடையாது,
அது எனக்குத் தெரியும்.

"குதிரை" என்றேன்.

சிரித்தாள்; பாதியில் வலி வந்து
பல்லைக் கடித்தாள், மறுபடி சிரித்தாள்.

மாவுக்கட்டு காய்வதற்குள் சீட்டு எழுதினேன்:
ஆறு வாரம்
குதிரையை அவிழ்க்கக் கூடாது.