செதில்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்,
செய்யக்கூடாததை எல்லாம் செய்து பார்த்தோம்.

பத்துப் பக்கத்துக்கு ஒரு சாக்லேட் என்றோம்.
ரயேன் பத்துப் பக்கம் புரட்டினாள்,
சாக்லேட்டைத் தின்றாள்,
கதையில் யார் வந்தார்கள் என்று கேட்டதற்கு
"ஆட்கள்" என்றாள்.

தொலைக்காட்சியின் மேல்
ஒரு வாரம் போர்வையைப் போட்டு மூடினோம்.
ஏழு நாளும் போர்வையைப் பார்த்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தாள்.

அடியாத மாடு படியாது என்றார் என் அண்ணன்.
அடித்த மாடு மட்டும்
புத்தகமா படிக்கப்போகிறது என்றாள் யஸ்னா,
உருளைக்கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிலோயே தீவில் ஜூலை என்பது
மழையின் மறுபெயர்.
தூண்களின் மேல் நிற்கிறது எங்கள் மரவீடு.
அலை ஏறும்போது
அடுக்களைக்குக் கீழே கடல் வந்து
தட்டுகிறது, போகிறது.
நான் படகுத்துறையில் வண்டிகளை ஏற்றி இறக்குபவன்;
நாள் முழுக்கப் படிப்பது எண்பலகைகளை.
யஸ்னா சால்மன் ஆலையில்.
எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும்
சட்டைக் கையில் எங்காவது
ஒரு செதில் வீட்டுக்கு வந்துவிடும்.

நூலக வண்டிக்காரி கொடுத்துப் போன புத்தகம்
அட்டையில்லாமல் மூன்று வாரம்
விறகுக் கூடையில் கிடந்தது.
அடுப்பில் போடத்தான் எடுத்தாளோ என்னவோ,
ஒருநாள் மாலை யஸ்னா அதைப் பிரித்தாள்.
மகளுக்காக இல்லை.
கால் வலித்தது, உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தாள்.
"என்ன?" என்றாள் ரயேன்.
"ஒன்றுமில்லை."
மறுபடி சிரிப்பு. இந்தமுறை மூக்கு வழியாக.
"என்னம்மா?"
"ஒரு ஆடு."
"ஆடு என்ன செய்தது?"
"அஞ்சலகத்தில் வேலை கேட்டுப் போயிருக்கிறது, இரு"
என்று பக்கத்தைத் திருப்பினாள்.
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அன்று கிழங்கு கருகியது.
கருகலைச் சுரண்டித் தின்றோம்.
சட்டைக் கையிலிருந்த செதிலை எடுத்து
முப்பத்தொன்றாம் பக்கத்தில் வைத்து மூடி
படுக்கப் போனாள் அவள்.

விடியும்போது
செதில் ஐம்பத்தெட்டில் இருந்தது.

என்னை உலுக்கி எழுப்பி,
விளக்கு போடாமல்,
விரலால் தொட்டுக் காட்டினாள் யஸ்னா.
மகளைக் கூப்பிட்டுக் கட்டிக்கொள்ள
வாயைத் திறந்தேன்.
மீன் வாசம் மாறாத கையால்
வாயைப் பொத்தினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்தது
ஒரு திருட்டு விளையாட்டு.
அம்மா தன் பக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு
செதிலை மகள் விட்ட இடத்திலேயே விடுவாள்.
மகள், தான் தொடவே இல்லை என்பதுபோல்
தட்டுகளைக் கழுவுவாள்.
திடீரென்று இருவரும் ஒரே நேரத்தில்
"முத்திரை!" என்று சொல்லி
மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள்.
என்ன முத்திரை?
யாரும் சொல்லவில்லை.
சொந்த வீட்டில்
கடைசிப் படகைத் தவறவிட்டவனாய் நின்றேன்.

காற்று முற்றி படகுகளை நிறுத்திய வியாழக்கிழமை,
ஆளில்லாத அடுக்களையில்,
எண்பலகை படித்துப் பழகிய கண்ணால்
எழுத்தெழுத்தாய் ஆரம்பித்தேன்.
எனக்குச் செதில் ஏது?
சட்டைப் பையிலிருந்த படகுச் சீட்டைக் கிழித்து
பன்னிரண்டாம் பக்கத்தில் வைத்தேன்.

மறுநாள் சீட்டு அங்கேயே இருந்தது.
பின்பக்கத்தில் பென்சிலால்,
சாய்ந்து சாய்ந்து ஓடும் எழுத்தில்:
"அப்பா, இந்த இடம் கொஞ்சம் இழுக்கும்.
விட்டுவிடாதீர்கள்."

நான் விடவில்லை.
பதினேழில் இருக்கிறேன்.
ஆடு இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.