ஆள் வரத் தேவையில்லை

தானியக் கோபுரத்தின் உச்சியில்
நூற்று முப்பது அடி உயரத்தில்
என் ஒன்பது பெட்டிகள் இருக்கின்றன.
வாடகை என்று எதுவும் இல்லை.
கூட்டுறவுச் சங்கத்துக்கு இலவச இணையம்,
அறுவடை நாட்களில் எடைமேடைக் கணினி மக்கர் செய்தால்
நான் ஓட வேண்டும்.
ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருந்தது.
எலி தின்றிருக்கும்.

கிழக்கு வாஷிங்டனின் இந்தக் கோதுமை மேடுகளில்
அலைக்குக் கண் தெரிய வேண்டும்.
கோபுரத்துக்கு வீடு தெரிய வேண்டும்,
வீட்டுக்குக் கோபுரம்.
அவ்வளவுதான் என் தொழில்.

ஆர்லிஸ் கிரான்ஸ்லர் வீட்டின் முன்னால்
ஒரு பாப்ளர் மரம்.
மே மாதம் இலை விட்டால் அவருக்கு இணையம் படுத்துவிடும்.
வெட்டச் சொன்னதில்லை.
ஆண்டுக்கு இரண்டடி, மரம் வளர வளர
குழாயை உயர்த்திக்கொண்டே வந்தேன்,
பதினோரு ஆண்டுகளாக.

பிப்ரவரியில் அட்டை வந்தது.
எல்லோர் தபால் பெட்டிக்கும். என்னுடையதற்கும்.
மாதம் முப்பத்தைந்து டாலர். கருவி இலவசம்.
ஆள் வரத் தேவையில்லை.
அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்,
பெருமையாக.

என் விலை அறுபத்தைந்து.

ஜோலீன் ராம்சவர் தட்டைத் தானே கழற்றி,
பறவை எச்சத்தைக் கழுவித் துடைத்து,
என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
பக்கத்தில் இரண்டு பாட்டில் பிளம் ஜாம்.
கோபப்பட ஒன்றுமில்லை.
மூன்று பிள்ளைகள். முப்பது டாலர் முப்பது டாலர்தான்.
போன ஆண்டு மூடிய ஹார்டுவேர் கடையில்
நான் கடைசியாக வாங்கியது ஒரு ஏணிக் கொக்கி.
அதுவும், நகரத்துப் பெரிய கடையில்
அன்று தீர்ந்துபோயிருந்ததால்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.
கோதுமை மஞ்சளாகும்போது நூற்று எண்பத்தெட்டு.

அரசாங்க வரைபடத்தில் எங்கள் மாவட்டம் முழுக்க ஊதா.
ஊதா என்றால் அவர்கள் சேவை எட்டிய இடம்.
எட்டிய இடத்துக்கு எனக்கு மானியம் கிடையாது.
வரைபடத்தில் மேடுகள் இல்லை.
கிரான்ஸ்லர் அந்த ஊதாவின் நட்டநடுவில்
டிராக்டர் மேல் ஏறி நின்று
போனைத் தூக்கிப் பிடித்தார், மழை வருமா என்று பார்ப்பவர்போல.
ஒரு கோடுகூட இல்லை.
திரையைப் படமெடுத்து ஆட்சேபம் அனுப்பினோம்.
அனுப்பியது என் பெட்டி வழியாக.

செப்டம்பரில் சங்க மேலாளர்
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.
தொப்பியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
அதே கோபுரம். அதே உச்சி.
ஒரு மாதத்துக்கு அவர்கள் தரும் வாடகையில்
என் வேனுக்கு நான்கு டயரும் மாற்றலாம்.

ஏற வந்தவன் துல்சாவிலிருந்து வந்த பையன், ஒப்பந்த ஆள்.
யாருக்காக ஏறுகிறோம் என்பது அவனுக்கே சரியாகத் தெரியாது.
ஏணி எப்படி என்று கேட்டான்.
எழுபத்தொன்றாவது படி ஆடும் என்றேன்.
மேல் கதவுக்கு அடியில் குளவிக்கூடு,
வெயில் ஏறுமுன் போய்விடு என்றேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.
என் பெட்டி ஒன்றை
இரண்டடி இடப்பக்கம் நகர்த்தினான்.
நகர்த்துமுன் மேலிருந்து கூவிக் கேட்டான்.

போன வாரம், இரவு பத்தரைக்கு ஜோலீன்.
"ட்வைலா, தூங்கிட்டியா?"
புதுப் பெட்டியில் சிவப்பு விளக்கு,
கம்பெனி எண்ணில் நாற்பது நிமிடமாகப் புல்லாங்குழல்.
வடக்கு ஜன்னலில் வைத்துப் பார் என்றேன்.
வைத்தாள். பச்சை வந்தது.
"உனக்கு ஏதாவது தரணுமே" என்றாள்.
ஜாம் இன்னும் தீரவில்லை என்றேன்.

இன்று அக்டோபர் ஒன்பது.
கிரான்ஸ்லரின் பாப்ளர் உதிர்க்கத் தொடங்கிவிட்டது.
திரையில் அவர் வரி
மைனஸ் எழுபத்தொன்றிலிருந்து
மைனஸ் அறுபத்துநான்குக்கு ஏறியிருக்கிறது.
மற்ற வரிகளைக் காபி குடித்துவிட்டுப் பார்க்கலாம்.