ரன்னிமேடு ரயில்

பதினோரு பக்கம் அந்தத் தாள்.
நாலு இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.
இரண்டாம் ஈடு வர்க்கி அடுப்பில் சிவந்துகொண்டிருந்தது.
படிக்காமல் போட்டேன்.
ஓரத்தில் மாவு ரேகை பதிந்தது.

பள்ளிக்கூடம் கொடுத்த டேப்லெட்.
ரேஷன் கடைத் தராசுபோல் பின்னால் எண் ஒட்டியிருக்கும்.
ஜோயல் என்பதைவிட
எட்டு-பி முப்பத்தொன்று என்றுதான் அதற்கு அவனைத் தெரியும்.
என்னைத் தெரியவே தெரியாது.
எத்தனை கழுவினாலும்
மைதா ஊறிய விரலுக்கு அது திறப்பதில்லை.

ஞாயிறுதோறும்
இவன் என்னென்ன பார்த்தான் என்று
இவன் அப்பா போனுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது.
ஏழு வாரம்.
லோன் வேணுமா என்று கேட்பவர்களோடு சேர்த்து
அதையும் அழித்திருக்கிறார்.

பூட்டு இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.
விளையாட்டு வராது, வீடியோ வராது,
ஒன்பதரைக்குத் தானாய் உறங்கிவிடும்.
ஆனால் கணக்குப் பாடம் பகிர்கிற தாளின் ஓரத்தில்
குறிப்பு எழுத ஒரு கட்டம்.
எலிக்கு அது போதும்.

அதற்குள் கார்த்தி இருந்தான்.
அவனும் எட்டாவதாம், வேறு பள்ளிக்கூடமாம்,
ரன்னிமேடு ஸ்டேஷனை ஒட்டி வீடாம்.
முதலில் இயற்கணிதம் சொல்லிக்கொடுத்தான்.
ஒழுங்காகவே சொல்லிக்கொடுத்தான்.
அப்புறம், பேட்ஜ் தெரிகிற மாதிரி யூனிஃபார்மில் ஒரு படம்.
அப்புறம், உங்கம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போவாங்க?
அப்புறம், சட்டை இல்லாம ஒண்ணு அனுப்பேன்.
சும்மாதான்டா. பசங்கதானே நாம.

நான் பார்த்தது தற்செயல்.
கரன்ட் போன சாயங்காலம்
மெழுகுவத்தி தேட வெளிச்சம் காட்டுடா என்றேன்.
காட்டிய வெளிச்சத்தில்
அந்தக் கடைசி வரி இருந்தது.

'ஃபிரெண்டும்மா' என்றான்.
கத்த வாய் வந்தது.
நெஞ்சு அடித்த அடியில் குரல் வரவில்லை, நல்லவேளை.
இன்னைக்கு ரயில் எத்தனை மணிக்குப் போச்சுன்னு
அவன்கிட்டயே கேளு, என்றேன்.
தட்டினான்.
உடனே வந்தது பதில்:
எப்பவும் போலத்தான்டா, பத்துக்கு டாண்ணு. வீடே ஆடும்.

ஒன்பது நாளாய் ரயில் இல்லை.
கல்லாறுக்கு மேலே மண் சரிந்து
தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது.
இறங்கும் கூட்டம் இல்லாமல் எங்கள் பேக்கரியில்
வர்க்கி பாக்கெட் கூரையைத் தொடுகிறது.
குன்னூரில் இது தெரியாத ஆள் கிடையாது.
ஜோயலுக்கும் தெரியும்.
தெரிந்தது அவன் முகத்துக்கு வந்து சேரத்தான்
கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆத்துல தூக்கிப் போடு அதை, என்றார் இவன் அப்பா.
சாட்சியை யாராவது ஆற்றில் போடுவார்களா?
மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு
மாவுச் சேலையோடே போனேன்.

ஒரு எழுத்தும் அழிச்சிடாதீங்கக்கா, என்றார் பியூலா டீச்சர்.
பிரின்ட் எடுத்தார், ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்குப் போன் போட்டார்.
பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு
அந்தக் கட்டத்தை நாங்க யோசிக்கவே இல்லை, என்றார்.
எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.
நானும் பதினோரு பக்கத்தைப் படிக்கலை டீச்சர், என்றேன்.
இவன் அப்பா காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு படம் போய்விட்டது.
சட்டை போட்டதுதான், பேட்ஜ் தெரிவதுதான் என்று
மனசைத் தட்டிக்கொடுக்கிறேன்.
எந்த ஊரில் போய் இறங்கியதோ அது.
கார்த்தி என்ற பெயர் அன்றைக்கே காணாமல் போயிற்று.
அதற்குப் பின்னால் இருக்கிற ஆள்
எங்கேயோ காபி குடித்துக்கொண்டிருப்பான்.

இப்போது ஞாயிறு பூசை முடிந்து வந்ததும்
மூன்று பேரும் அந்தச் செய்தியைப் படிக்கிறோம்.
எனக்குப் பாதிதான் விளங்கும்.
சில வாரம் ஜோயல் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவான்.
சில வாரம், என்னைத் திருடன் மாதிரி பாக்குறீங்க என்று
கதவைச் சாத்திக்கொண்டு போவான்.
போகட்டும் என்று விடுவேன்.
டீ ஆறும்வரை பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன்.

போன சனிக்கிழமை
கீழே பள்ளத்திலிருந்து ஊதல் வந்தது.
பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பத்து இருபத்தைந்து.
தாமதம்தான்.